வக்கீலுக்கு சோஷியல் மீடியா கட்டுப்படியாகுமா? ஒன்றரை வருடம் பயன்படுத்திப் பார்த்த ஒருவரின் விமர்சனம்

மதுரையில் 14 வருடமாக சிவில் பக்கம் பிராக்டிஸ் செய்கிறேன். பாகப்பிரிவினை, இன்ஜங்ஷன் (தடை உத்தரவு), செக் கேஸ், எப்போதாவது ஒரு ஜீவனாம்சம். கே.கே.நகரில் சின்ன ஆபீஸ், ஒரு ஜூனியர், ஒரு குமாஸ்தா. சமீப காலமாக பார் ரூமில் (கோர்ட்டில் வக்கீல்கள் உட்காருகிற அறை) எந்தப் புது ஜூனியரோடு டீ குடித்தாலும் ஒரே கேள்விதான் வருகிறது: "அண்ணே, இன்ஸ்டால பேஜ் போட்டா கேஸ் வருமாண்ணே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, ஒன்றரை வருடம் என் காசையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் போட்டுப் பார்த்ததை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் விதி. இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் போனைக் கையில் எடுக்க வேண்டாம். நம் நாட்டில் வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது. வக்கீல் தொழிலுக்கு விதி போடுகிற அமைப்பான பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் விதி 36 அதை வெளிப்படையாகச் சொல்கிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ, சுற்றறிக்கை, விளம்பரம், புரோக்கர் என்று எந்த வழியிலும் வேலை தேடக்கூடாது. நடத்துகிற வழக்கை வைத்துப் பத்திரிகையில் கருத்தோ போட்டோவோ கொடுக்கக்கூடாது. நம் பெயர்ப்பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும், அதில் 'இந்த வகை வழக்கில் ஸ்பெஷலிஸ்ட்' என்று போடக்கூடாது. 2008 இல் ஒரு சலுகை வந்தது: சொந்த வெப்சைட் வைத்துக்கொள்ளலாம். அதிலும் பெயர், முகவரி, போன், இமெயில், என்ரோல்மென்ட் விவரம், படிப்பு, எந்தத் துறையில் பிராக்டிஸ், இவ்வளவுதான். மீறினால் அட்வகேட்ஸ் சட்டம் பிரிவு 35 இன்படி ஒழுங்கு நடவடிக்கை. கண்டனத்தில் ஆரம்பித்து சஸ்பென்ஷன், பெயரையே பட்டியலிலிருந்து நீக்குவது வரை போகலாம்.

இது ஏட்டில் தூங்குகிற விதி என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் 2024 ஜூலை 3 அன்று நம் சென்னை உயர் நீதிமன்றமே, ஆன்லைன் தளங்கள் வழியாக வக்கீல்கள் விளம்பரம் தேடுவதையும், வக்கீலுக்கு ஸ்டார் ரேட்டிங் போடுவதையும் கடுமையாகக் கண்டித்து, மாநில பார் கவுன்சில்கள் நடவடிக்கை எடுக்க வழிகாட்டுதல் அனுப்பும்படி பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கு உத்தரவு போட்டது. 2025 மார்ச்சில் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவும் சோஷியல் மீடியா, நடிகர்கள், இன்ஃப்ளூயன்சர்கள் மூலம் செய்கிற விளம்பரங்களைக் கண்டித்து அறிக்கை விட்டது. ஆகவே ஜூனியர் தம்பிகள் கேட்கிற 'கேஸ் வருமா' என்பதற்கு முன்னால் 'சன்னத்துக்கு (வக்கீல் தொழில் செய்யும் உரிமத்துக்கு) ஆபத்து வருமா' என்ற கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில், வரும்.

எனக்குக் கிட்டத்தட்ட வந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி வந்தது. பெயர் வேண்டாம். மாதம் 15,000 ரூபாய், மூன்று மாதம் கட்டாயம், பூஸ்ட் செய்கிற (பதிவை அதிகம் பேருக்குக் காட்டத் தளத்துக்குக் கட்டுகிற) காசு தனி. வந்த பையன்கள் நல்ல பையன்கள், சுறுசுறுப்பானவர்கள், ஆனால் அவர்கள் லேப்டாப்பில் காட்டிய மாதிரி எல்லாம் அமெரிக்க வக்கீல்களுடையது. ஹைவே ஓரத்தில் ஆள் உயரத்துக்கு வக்கீல் போட்டோ, கீழே போன் நம்பர். அங்கே 1977 இல் பேட்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வக்கீல் விளம்பரத்தைப் பேச்சுரிமையின் கணக்கில் அனுமதித்துவிட்டது, அதனால் அவர்கள் செய்கிறார்கள், நமக்கு அது இல்லை என்று சொன்னேன். "சார், அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன்னால் கைகட்டி நிற்கப்போவது ஏஜென்சி இல்லை, என்ரோல்மென்ட் நம்பர் யாருடையதோ அவர்தான்.

இரண்டாவது வாரம் நான் ஒரு குறுக்கு விசாரணையில் இருந்தபோது அவர்கள் ஒரு போஸ்டர் போட்டுவிட்டார்கள். கறுப்பு கவுனில் என் படம், பின்னால் தங்க நிறத் தராசு, மேலே பெரிய எழுத்தில் 'உங்கள் சொத்து உங்களுக்கே! வெற்றி நிச்சயம்!', கீழே போன் நம்பர். மதியம் பார் ரூமுக்குள் நுழைகிறேன், என் பழைய சீனியர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு போனை என் பக்கம் திருப்பி மேஜைமேல் வைத்தார். திட்டவில்லை. "வெற்றி நிச்சயம்னு நீ எந்தக் கேஸ்லப்பா சொல்லுவ?" என்று மட்டும் கேட்டார். அங்கே நின்றபடியே பேஜின் பாஸ்வேர்டை வாங்கி அந்தப் போஸ்டரை எடுத்தேன். நான்கு மணி நேரம்தான் அது இருந்தது, அதற்குள் முந்நூறு பேருக்கு மேல் பார்த்திருந்தார்கள். யாராவது ஒருவர் ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரு புகார் எழுதியிருந்தால் எனக்குச் சொல்ல ஒரு பதிலும் கிடையாது.

சரி, ஆபத்தை விடுங்கள், வரவாவது இருந்ததா? அந்த மூன்று மாதமும் புதிதாக வந்த ஒவ்வொரு போனையும் எங்கிருந்து என்று கேட்டு எழுதி வைக்கும்படி குமாஸ்தா அண்ணனிடம் சொல்லியிருந்தேன். வாய்தா நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதியிருந்தார். ஏஜென்சி வழியாக 61 போன். அதில் பாதிக்கு மேல் வேறு மாவட்டம். 'ஃப்ரீயா ஒரு டவுட் சார்' என்று ஆரம்பிப்பவை நிறைய. ஆபீஸ் படியேறியவர்கள் 4 பேர். வக்காலத்து போட்டது, அதாவது என்னைத் தன் வக்கீலாக நியமித்துக் கையெழுத்துப் போட்டது ஒருவர், அதுவும் ஒரு நோட்டீஸ் பதிலோடு முடிந்துபோனது. அதே மூன்று மாதத்தில் பழைய கட்சிக்காரர்கள் (முன்பு என்னிடம் வழக்குக் கொடுத்தவர்கள்) சொல்லி வந்தவர்கள் 9 பேர், பக்கத்து ஊர் வக்கீல்கள் அனுப்பியவர்கள் 5 பேர். இந்தப் பதினான்கு பேருக்கு நான் செலவழித்தது ஒன்றுமில்லை, முன்பு ஒரு வேலையை ஒழுங்காகச் செய்திருந்தேன், அவ்வளவுதான். ஏஜென்சியை மூன்றாவது மாதக் கடைசியில் நிறுத்தினேன். வக்கீல் யாராவது இந்தச் சேவைக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டால், கட்டாதீர்கள்.

அப்புறம்தான் நானே தனியாகச் செய்து பார்க்க ஆரம்பித்தேன். விளம்பரம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, தினமும் ஆபீஸில் பத்துப் பேருக்குச் சொல்கிற சட்ட விஷயத்தைப் பொதுவாகத் தமிழில் சொல்வது, என் போன் நம்பர் போடாமல், என் வழக்கு எதையும் தொடாமல். இனி ஒவ்வொரு தளமும் எப்படி என்று சொல்கிறேன்.

லிங்க்ட்இன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். என்னைப் போல மாவட்டக் கோர்ட்டில் சிவில் பார்ப்பவர்களுக்கு அதில் வேலை இல்லை. கரிமேட்டில் கடை வைத்திருப்பவர் வாடகைதாரர் பிரச்சினைக்கு லிங்க்ட்இன்னில் வக்கீல் தேடப்போவதில்லை. ஆனால் சென்னையில் டிரேட்மார்க் பார்க்கிற என் வகுப்புத் தோழன் ஒருவன் வாரம் ஒரு தீர்ப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறான், கம்பெனிகளின் சட்டப் பிரிவில் இருப்பவர்கள் படிக்கிறார்கள், அவனுக்கு அது பயன்படுகிறது. கட்சிக்காரர் எங்கே இருக்கிறாரோ அங்கே நாம் இருந்தால்தான் பிரயோஜனம்.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் மேல் எனக்கு வருத்தம் உண்டு. பார்க்கிறவர்கள் எண்ணிக்கை அதில்தான் அதிகம், ஆனால் முப்பது விநாடிக்குள் சட்டத்தை அடக்க முடிவதில்லை, அடக்கினால் தப்பாகப் போய்ச் சேருகிறது. 'செக் திரும்பினால் 30 நாள்' என்று ஒரு ரீல் போட்டேன். நான் சொல்ல வந்தது, செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பது. ஒரு மாதம் கழித்து ஒரு பலசரக்கு மொத்த வியாபாரி வந்தார். அவர் புரிந்துகொண்டது, பணம் கட்ட எதிராளிக்கு 30 நாள் டைம் என்று. பொறுமையாகக் காத்திருந்துவிட்டு 38 ஆவது நாள், செக் திரும்பியதற்கு வங்கி கொடுத்த ரிட்டர்ன் மெமோவோடு என் எதிரே உட்கார்ந்திருக்கிறார். நல்ல வேளையாகச் செக்குக்கு மூன்று மாத ஆயுள் இன்னும் பாக்கி இருந்தது, மறுபடி வங்கியில் போட்டு, மறுபடி திரும்பியதும் நோட்டீஸ் விட்டோம். இரண்டாவது முறை திரும்பினாலும் வழக்குப் போடலாம் என்று 2012 இல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அவரைக் காப்பாற்றியது. அன்று இரவே அந்த ரீலை எடுத்துவிட்டேன், அதன் பிறகு ரீல் போடுவதே இல்லை. பார்வை எண்ணிக்கைக்காக ஒருவருடைய காலக்கெடுவோடு விளையாட எனக்கு மனசு வரவில்லை.

ஃபேஸ்புக் ஒரு இடத்தில் மட்டும் உண்மையாகவே உதவியது. வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள். துபாய், சிங்கப்பூர், சவுதி என்று இருந்துகொண்டு ஊரில் இடம் வைத்திருப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பவர் பத்திரம் (நமக்குப் பதிலாக இன்னொருவர் செயல்பட அதிகாரம் கொடுக்கிற பத்திரம்) பற்றி எழுதிய பதிவு இன்றைக்கும் சுற்றுகிறது. அங்கேயுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற வேண்டும், பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும், 'அண்ணன்தானே' என்று பொது அதிகாரம் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிடாமல் எந்த வேலைக்கோ அதற்கு மட்டும் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். இதை எழுத எனக்கு ஆனது ஒரு மணி நேரம், அது எத்தனையோ பேரின் இடத்தைக் காப்பாற்றியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஆனால் மெசஞ்சர்! வக்கீல்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் அதுதான். ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு ஒருவர் பொதுப்பாதை அடைப்பு பற்றிக் கேட்டிருந்தார். கண் சொருகுகிற நேரம், பாவம் என்று நினைத்து நான்கு வரியில் என்ன செய்யலாம், எதிராளி வழக்குப் போட்டால் எப்படிச் சமாளிக்கலாம் என்று பதில் போட்டேன். ஆறு வாரம் கழித்து, வாதியாக ஒருவர் வந்து, ஃபீஸில் பாதி கொடுத்து, பிராது (வழக்கு மனு) டிராஃப்ட் ஆகிவிட்டது. குமாஸ்தா அண்ணன் கேஸ் கட்டை மேஜையில் வைத்தபோதுதான் பிரதிவாதியின் ஊரையும் பெயரையும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று மெசஞ்சரைத் திறந்து பார்த்தேன். அதே ஆள். என் நான்கு வரியும் அப்படியே இருக்கிறது. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவன் எதிர்த் தரப்புக்கு ஆஜராகக் கூடாது, பார் கவுன்சில் விதி 33. சேம்பரில் இருந்தால் யார் வந்தது, என்ன பேசினது என்று டைரியில் இருக்கும், இங்கே ஒன்றும் இல்லை. வாதியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, வாங்கிய ஃபீஸைத் திருப்பிக் கொடுத்து, கட்டையும் கையில் கொடுத்தேன். அவர் கோபித்துக்கொண்டுதான் போனார், அவர் கோபம் நியாயமானது. இப்போது மெசேஜில் யாருக்கும் சட்ட ஆலோசனை சொல்வதில்லை. 'உங்கள் ஊர் வக்கீலை நேரில் பாருங்கள், வசதி இல்லாவிட்டால் கோர்ட் வளாகத்தில் இருக்கிற இலவச சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள்' என்ற ஒரே பதில்தான்.

கமெண்டிலும் இதே கவனம் வேண்டும். சர்வே நம்பர், அண்ணன் தம்பி பெயர், யார் யாரை அடித்தது என்று எல்லாவற்றையும் மக்கள் பொதுவில் எழுதிவிடுகிறார்கள், எதிராளியின் வக்கீல் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வார் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. பார்த்த உடனே அழித்துவிடுகிறேன்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு நான் பத்துக்கு எட்டு கொடுப்பேன். அதில் புதிதாக யாரையும் தேட முடியாது, என் நம்பர் வைத்திருக்கிற பழைய கட்சிக்காரர்களும் சக வக்கீல்களும்தான் பார்ப்பார்கள். மே மாத விடுமுறை எப்போது, புதிதாக என்ன தீர்ப்பு, இ-கோர்ட்ஸ் ஆப்பில் உங்கள் வாய்தா தேதியை நீங்களே எப்படிப் பார்ப்பது, இந்த மாதிரிதான் போடுகிறேன். இந்தக் கடைசி விஷயத்தைப் போட்ட பிறகு 'சார் என் கேஸ் என்னைக்கு' என்று காலையில் வருகிற போன்கள் பாதியாகக் குறைந்துவிட்டன என்று குமாஸ்தா அண்ணன் சந்தோஷப்பட்டார். ஐந்து நிமிட வேலை.

இனி யூடியூப். என் நேரத்தை அதிகம் தின்றது இதுதான், நான் விடாமல் வைத்திருப்பதும் இதைத்தான். எட்டு, பத்து நிமிட வீடியோ ஒன்றுக்குத் தீர்ப்பைப் படிப்பது, குறிப்பு எடுப்பது, பேசுவது, என் தங்கை மகன் வெட்டி ஒட்டுவது எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் ஆகிறது. வாரம் ஒன்று என்று ஆரம்பித்து, வாதுரைக்குத் தயாராகிற நேரத்தை அது தின்கிறது என்று தெரிந்ததும் மாதம் ஒன்று என்று குறைத்துக்கொண்டேன். வழக்கு எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இதுவும் நஷ்டம்தான். ஒன்றரை வருடத்தில் யூடியூப் பார்த்துவிட்டு வந்து வக்காலத்து போட்டவர்கள் ஏழே பேர்.

ஆனால் அந்த ஏழு பேரில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம், அறுபதைத் தாண்டிய அம்மா. மஞ்சள் பையில் பேப்பர்கள், கூட மகள். பூர்வீக நஞ்சையில் பங்கு கேட்டதற்கு, 'உனக்கு 89 க்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருச்சு, சட்டப்படி உனக்கு ஒண்ணும் கிடையாது' என்று தம்பிமார் சொல்ல, எழுத்தர் ஒருவரும் ஆமாம் என்று சொல்ல, அவரும் முப்பது வருடமாக அதை நம்பிக்கொண்டே இருந்துவிட்டார். அதற்கு ஒரு அடிப்படையும் உண்டு. தமிழ்நாட்டில் 1989 இல் வந்த திருத்தம் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்பு முதலே பங்கு கொடுத்தது, ஆனால் 1989 மார்ச் 25 க்கு முன் திருமணம் ஆனவர்களை விலக்கி வைத்தது. 2005 இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்த விலக்கு கிடையாது. எப்போது கல்யாணம் ஆகியிருந்தாலும் மகள் மகள்தான். 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20 க்கு முன்னாலேயே பத்திரம் பதிந்தோ கோர்ட் மூலமோ பாகம் பிரித்திருந்தால் அதைத் திறக்க முடியாது. இதைத்தான் ஒரு வீடியோவில் பேசியிருந்தேன்.

மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், பஸ்ஸில் வரும்போது அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார். ஊருக்கு வந்து அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, '89' என்று நான் சொல்கிற இடத்தில் நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை போட்டுக் காட்டியிருக்கிறார். வீடியோவின் கடைசியில் வக்கீலைப் பார்க்கப் போகும்போது என்னென்ன கொண்டு போக வேண்டும் என்று சொல்லியிருந்தேன். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று, குடும்ப வம்சாவளி. அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, நான் சொன்ன அதே வரிசையில் மேஜைமேல் அடுக்கினார். வம்சாவளியை மகளின் பள்ளிக்கூட நோட்டுத் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தார்கள். "நீங்க சொன்னதெல்லாம் இருக்கான்னு பாருங்க தம்பி" என்றார். பதினான்கு வருடத்தில் முதல் சந்திப்பிலேயே இப்படித் தயாராக வந்த கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை. வழக்கு நம்பர் ஆகி நடந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றி மேலே பேசக்கூடாது.

இன்னொன்றும் கவனித்தேன். மேலூர், திருமங்கலம் பக்கத்து இளம் வக்கீல்கள் சிலர் வீடியோ பார்த்துவிட்டு, 'அண்ணே, அந்த 2004 தேதி மேட்டர்ல ஒரு சந்தேகம்' என்று போன் செய்கிறார்கள், பேசுகிறோம், பிறகு அவர்களுக்கு நேரம் போதாத ஒரு பாகப்பிரிவினைக் கட்டை என்னிடம் அனுப்புகிறார்கள். இப்படி வந்தவை மேலே சொன்ன ஏழில் சேராது. நான்கு கட்டுகள், நான்குமே கனமானவை.

கூகுள் மேப்பில் ஆபீஸ் முகவரி, நேரம், போன் நம்பர் மட்டும் சரியாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். அதனால் வருகிற ஒரே பலன், கட்சிக்காரர்கள் வழி தெரியாமல் அலைவதில்லை, எனக்கு அதுவே போதும். ரிவ்யூ போடும்படி யாரையும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். தோற்ற கட்சிக்காரர் ஒருவர் ஒற்றை ஸ்டார் போட்டுத் திட்டினால் அதற்குப் பதில் எழுதுவதற்கு அவர் வழக்கு விவரத்தைத்தான் நான் வெளியே சொல்ல வேண்டி வரும், அது முடியாது.

ஆக, ஜூனியர் தம்பிகளுக்கு: என்ரோல் ஆகி முதல் ஐந்து வருடத்தில் இருப்பவர்கள் இதில் நேரத்தைப் போடாதீர்கள். அந்த வயதில் முன்சீப் கோர்ட்டில் பின் பெஞ்சில் உட்கார்ந்து நல்ல சீனியர் ஒருவர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதைப் பார்க்கிற ஒரு மணி நேரம் எந்த வீடியோவைவிடவும் அதிகம் சம்பாதித்துத் தரும். கொஞ்சம் கைதேறியவர்கள், ஒரு விஷயத்தை ஆழமாகத் தெரிந்தவர்கள், மாதம் ஆறு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் யூடியூப் செய்யுங்கள். நம்பர் போடாதீர்கள், 'என்னைப் பாருங்கள்' என்று சொல்லாதீர்கள், கோர்ட் வாசலில் கவுனோடு நின்று வீடியோ எடுக்காதீர்கள், காசு கொடுத்து பூஸ்ட் செய்யாதீர்கள். பேசுகிற ஒவ்வொரு தேதியையும் சட்டப் புத்தகத்தைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இந்த மாத வீடியோ செக் நோட்டீஸ் பற்றி. ரீலில் தப்பாகப் போனதை இந்தத் தடவை பத்து நிமிடம் எடுத்து, கேலண்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, செக் திரும்பிய தகவல் வந்த நாள், நோட்டீஸுக்கு 30 நாள், நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட 15 நாள், அதற்கப்புறம் கோர்ட்டில் புகார் கொடுக்க ஒரு மாதம் என்று தேதி தேதியாக வட்டம் போட்டுக் காட்டப் போகிறேன். அந்தப் பலசரக்கு வியாபாரியிடம் முதலில் போட்டுக் காட்டி, அவருக்குச் சரியாகப் புரிகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வெளியிடுவேன்.